குளிர் தெரியாத இடம்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். எழுத்து கோணும், சொல்ல வந்தது பாதியில் மறந்து போகும். எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்ற ஒழுங்கும் எனக்குத் தெரியாது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் என்பதால்தான் கொப்பியில் எழுதுகிறேன்.

மாரி மழை தொடங்கிய நேரம் அது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மூன்று வீட்டு வளவுகள்தான் இருக்கின்றன. அந்தக் கிழமை முழுக்கக் கடல் இரைந்துகொண்டே இருந்தது. சுபஹுத் தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுளூ எடுக்கப் பைப்படிக்குப் போனேன். வலது கையை முழங்கை வரை கழுவிவிட்டு இடது கைக்கு வந்தேன். தண்ணீர் மணிக்கட்டில் குளிர்ந்தது. கொஞ்சம் மேலேயும் குளிர்ந்தது. முழங்கைக்குக் கீழே ஓர் இடத்தில் குளிரவில்லை. அதைத் தாண்டியதும் மறுபடி குளிர்ந்தது.

தண்ணீர் படவில்லையாக்கும் என்று நினைத்தேன். ஒரு பொட்டு இடம் நனையாமல் விட்டாலும் வுளூ சேராது, தொழுகையும் சேராது. அதனால் திரும்ப ஊற்றினேன். பிறகும் ஊற்றினேன். லைட் வெளிச்சத்தில் பார்த்தால் கை முழுக்க நனைந்துதான் இருந்தது. நனைந்தது கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை.

"உம்மா, டாங்கித் தண்ணி முழுக்க வுளூவுக்கே முடியப் போகுது," என்று மகள் அறைக்குள்ளிருந்து சொன்னாள். "மறுகா நான்தான் மோட்டர் போடணும்."

அன்றைக்கு லுஹர் தொழுதுவிட்டுத் தொழுகைப் பாயிலேயே இருந்து கையைப் பார்த்தேன். ஒரு பிஸ்கட் அளவில் தோல் வெளிறியிருந்தது. தேமல் என்று பல நாளாக விட்டிருந்தேன். மகளின் தையல் பெட்டியிலிருந்து ஒரு ஊசியை எடுத்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். குத்தினேனா இல்லையா என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கண்ணைத் திறந்தபோது இரத்தம் முழங்கை வரை ஓடியிருந்தது.

அது என்ன வருத்தம், என்ன நோய் என்று எனக்கு உடனே தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கையின், இந்தச் சின்னத் தெருவின் கடைசியில், கடல் பக்கமாக, ஒரு பெண் இருக்கிறாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள், புருஷன் இல்லாதவள். வீடுகளுக்கு அரிசி இடிப்பித்து மா வறுத்துக் கொடுப்பாள். நோன்பு காலத்தில் அவளுடைய முற்றத்தில் வாளிகள் வரிசையாக நிற்கும். அந்த வருஷம் சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் அவளுடைய வாசலில் இரண்டு தடவை நின்றது. மூன்றாம் நாள் ஒழுங்கை முழுக்கக் கதை பரவிவிட்டது. அவளுக்குக் குட்ட வருத்தமாம், தொழுநோயாம், தோலில் உணர்ச்சி இல்லையாம், பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போகிறாளாம்.

"அவட கையால வறுத்த மாவுலதானே போன நோம்புக்கு நாம எல்லாரும் பிட்டு அவிச்ச," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

"அப்ப உங்களுக்கும் வந்திரிக்கும். கையக் காட்டுங்க பாப்பம்," என்று என் மகள் பகிடி விட்டாள்.

"வாய மூடுகா. அல்லாஹ் பாதுகாக்கணும்."

ஒழுங்கையில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அல்லாஹ் பாதுகாக்கணும் என்று சொல்லிக்கொண்டே அவளைக் கண்டால் பாதையின் மற்றக் கரைக்கு மாறினார்கள். நானும் மாறினேன். மா வறுக்கட்டுமா என்று அவள் ஆள் அனுப்பிக் கேட்டபோது, எங்களிடம் மா இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். இருக்கவில்லை. கடையில் பக்கெட் மா வாங்கினோம். இது நான் ஊசியால் குத்திப் பார்ப்பதற்கு நாலைந்து மாதம் முந்திய கதை.

ஊசி குத்தியதிலிருந்து நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காரணம் என் மகளின் மகள். அப்போது அவளுக்கு எட்டு மாதம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். என் கடைசி மகளான இவளுக்குக் கலியாணம் பேசியபோது நான் இருந்த வீட்டையே அவளுடைய பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். மருமகன் வந்து குடியேறினார். நான் நடு அறையிலிருந்து, சமைக்கிற குசினியை அடுத்த சின்ன அறைக்கு மாறினேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருமகனுக்குச் சவளக்கடைப் பக்கம் வயல். விதைப்புத் தொடங்கினால் வயல் வாடிக் குடிசையிலேயே கிடப்பார், வெள்ளிக்கிழமைதான் வருவார். பிள்ளையைக் குளிப்பாட்டுவது, எண்ணெய் பூசுவது, தூங்க வைப்பது எல்லாம் என் வேலை. என் இடது கையில் தலையை வைத்தால்தான் அவள் தூங்குவாள். வெளிறிய இடம் அவளுடைய பிடரிக்கு நேரே வரும்.

சொன்னால் பிள்ளையை என்னிடம் தரமாட்டார்கள். போ என்று சொன்னாலும் போகத்தான் வேண்டும், வீடு என்னுடையது இல்லை. சொல்லாவிட்டால் பிள்ளைக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அதனால் நீளக் கைச் சட்டை போட்டேன். தொழுகையில் அழுதேன். பிள்ளையின் உடுப்பைக் கழற்றும்போதெல்லாம் முதுகைப் பார்த்தேன், காதுக்குப் பின்னால் பார்த்தேன். அல்லாஹ் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்று எனக்கு நானே சொன்னேன். அந்தச் சொல்லைச் சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் இறங்கும். அடுத்த வுளூவில் திரும்பவும் ஏறும். ஒரு நாளைக்கு ஐந்து தரம் தண்ணீர் எனக்கு அதை ஞாபகப்படுத்தியது.

பக்கத்து வீட்டுக்காரியின் மாமி மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதினார்கள். நானும் மகளும் போனோம். ஆண்கள் முற்றத்துப் பந்தலில் இருந்தார்கள், பெண்கள் உள் ஹோலில் இருந்தோம். ஓதி முடிந்து சாப்பாட்டுக்கு இருக்கிற நேரம் மா வறுக்கிறவள் வந்தாள். மௌத்தாகிய மனிசி அவளுடைய மாவைத் தவிர வேறு மா தொட்டதில்லை. அந்தக் கடமைக்குத்தான் வந்திருப்பாள். யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை. சலாம் சொல்லிவிட்டுச் சுவரோரமாக, கடைசியில் இருந்தாள்.

சகனுக்கு ஆறு பேர் என்பது எங்கள் கணக்கு. பெரிய தட்டு ஒன்றில் நெய்ச்சோறும் இறைச்சியும் வரும், சுற்றி இருந்து எல்லோரும் அதில்தான் கை வைப்போம். பணக்காரிக்கும் அதே தட்டு, கூலிக்காரிக்கும் அதே தட்டு. பரிமாறுகிற பிள்ளைகள் முகம் பார்க்காமல் அவளுக்கு முன்னாலும் ஒரு சகனைக் கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். அதைச் சுற்றி ஐந்து இடம் வெறுமையாகக் கிடந்தது.

"இஞ்சால வாங்க, இவடத்த இடமிரிக்கி," என்று ஒருத்தி மற்றவளைக் கூப்பிட்டாள்.

"அதுல இப்பவே ஏழு பேர். எங்க இடம்?"

"ஒதுங்கி இருங்க. மெலிஞ்ச ஆக்கள்தானே."

சிரித்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு குரல், "ஒரு சகன் தனியாத் தின்னக் குடுத்து வெச்சவ," என்றது. அதற்கும் சிரிப்பு வந்தது. அவளுக்குக் கேட்டது. சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கை வைக்கவில்லை. தனியாகச் சகனில் கை வைத்துச் சாப்பிட்டால் அதோடு அவள் தனியானவள் என்று ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

என் சகனில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். எனக்கு நேரே ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள், மாதம் நெருங்கிய வயிறு. அவள் நல்ல இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளி, "சாப்பிடுங்க உம்மா," என்றாள். எல்லோரும் பிஸ்மி சொன்னார்கள். நான் கையைத் தூக்கினேன். இடது கையில்தானே, சாப்பிடுவது வலது கையால்தானே என்று மனசு சமாதானம் சொன்னது. ஆனாலும் கை இறங்கவில்லை. இந்த ஏழு பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு இவர்களுடைய சோற்றில் கை வைத்தால் நாளை மறுமையில் அல்லாஹ்விடம் இந்தப் பிள்ளைத்தாய்ச்சி என்னைப் பிடிப்பாள்.

எழும்பினேன். கை கழுவப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அந்த ஹோலில் நான் கை வைக்கக்கூடிய சகன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போய் அவளுக்கு முன்னால் இருந்தேன்.

ஹோலில் கதைச் சத்தம் நின்றது. இத்தனை பேர் என்னைப் பார்த்து நான் பழகியதில்லை. பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தேன். அப்போதுதான் அவளும் வைத்தாள்.

கொஞ்ச நேரம் போக, தலை நிமிராமல், "பயப்படாதீங்க ராத்தா," என்றாள். "நான் மருந்துக் குளிசை குடிக்கிறன். குடிக்கத் தொடங்கினா மத்தவங்களுக்குத் தொத்தாது எண்டு டொக்டர் சொன்னவரு. அத இவங்களுக்கு ஆரு சொல்ற?"

அந்த ஹோலில் யாருக்கும் தீங்கில்லாத கை அவளுடையது. தீங்கு என் சட்டைக் கைக்குள் இருந்தது.

தண்ணீர்ச் செம்பை எடுக்க இடது கையை நீட்டியபோது என் சட்டைக் கை மேலே ஏறியது. அவள் பார்த்துவிட்டாள். அதைப் போல ஒன்றைத் தன் உடம்பில் பார்த்தவள்தானே.

"இது எத்தின நாளா?"

நான் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டேன்.

"உங்கட வீட்ட சின்னப்புள்ள இரிக்கி."

"அல்லாஹ் பாத்துக்குவான்," என்றேன்.

அவள் ஒரு பிடி சோற்றை உருட்டி அப்படியே வைத்திருந்தாள். "என்னையும் அவன்தான் பாத்த ராத்தா. பாத்துத்தான் கிளினிக்குக்கு அனுப்பின. அவன்ட பேரச் சொல்லி ஒளிச்சிரிக்காதீங்க. வாற புதன் நான் போறன். பஸ்ஸடிக்கு வாங்க."

நான் அந்தப் புதன்கிழமை போகவில்லை. அதற்கடுத்த புதனும் போகவில்லை. போகாமல் இருந்ததற்கு இன்னொரு காரணம் சேர்ந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

கத்த வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே பக்கத்து வீட்டுக்காரி வந்து சலாம் கொடுத்து என் கையை முத்தமிட்டாள். "நீங்க எங்கட முகத்தக் காப்பாத்தினீங்க," என்றாள். வெள்ளிக்கிழமை பெண்கள் பயானில், மார்க்கப் பேச்சில், மௌலவியின் மனைவி என்னைப் பெயர் சொல்லாமல் சொன்னா. "நம்மட ஒழுங்கையில ஒரு உம்மா இரிக்காங்க. எல்லாரும் பயந்து ஒதுங்கின இடத்துல அல்லாஹ்வ நம்பிப் போய் இருந்தாங்க. ஏழை, பணக்காரி, வருத்தக்காரி எண்டு பாக்கல்ல. அந்த நம்பிக்கை நமக்கிரிக்கா?" எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கடைசிச் சுவரோடு ஒட்டி இருந்தேன். ஒரு பொய்யும் சொல்லாமலே பொய்க்காரியாகிவிட்டேன். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை. அது இனிப்பாகவும் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒரு கிழவி தொண்டை நோவுக்குத் தண்ணீர் ஓதிக் கேட்டு வந்தா. எனக்குத் தெரிந்த சூறாக்களை ஓதிக் கொடுத்தேன். அடுத்து ஒருத்தி பரீட்சைக்குப் போகும் மகளுக்காகத் துஆ கேட்க வந்தாள். "உம்மா இப்ப பெரிய மனிசி," என்று மகள் பகிடி பண்ணினாள். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். வருகிறவர்களுக்குப் பாய் விரித்துப் போட்டாள்.

அந்தக் கிழமைதான் தண்ணீர் விஷயம் நடந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டப் பேசின் தொட்டியில் வெந்நீர் கலந்தேன். சூடு பார்க்க எப்போதும் போல இடது முழங்கைப் பக்கத்தைத் தண்ணீரில் வைத்தேன். பட்டது அந்த வெளிறிய இடம் மட்டும்தான். பதமாக இருப்பதாகத்தான் தெரிந்தது. பிள்ளையின் காலை இறக்கினேன். அவள் போட்ட சத்தத்தில் மகள் குசினியிலிருந்து ஓடி வந்தாள். கால் சிவந்திருந்தது. பொக்களிக்கவில்லை, கொப்புளம் எழவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

"என்னும்மா இது, தண்ணி கொதிக்குதே," என்றாள், பேசினில் விரலை வைத்து உடனே எடுத்தபடி. "கையை வெச்சுப் பாக்கல்லியா?"

"கவனிக்கல்ல மகள்."

அது பொய். அதற்கு முன் சொல்லாமல் விட்டேன். அன்றைக்குத்தான் என் கையைப் பற்றி வாயால் பொய் சொன்னேன். அன்று பின்னேரம் வரை கடலின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் என் காதில் விழவில்லை.

மூன்று நாளைக்குப் பிறகு, காலை பத்து மணி போல, இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற ஒரு இளம் தாய் காய்ச்சல் பிள்ளையோடு வந்தாள். மகள் என் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பிள்ளை பாயில் கவிழ்ந்து விளையாடிக்கொண்டிருந்தது.

"நாலு நாளாக் காய்ச்சல் உம்மா. மருந்து குடுக்கம், மாறுதில்ல. உங்கட கையால தடவி ஓதி விடுங்க." சொல்லிக்கொண்டே பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டாள். அதன் தலை தானாகவே வந்து என் இடது கையில் சாய்ந்தது. என் கையின் மற்ற இடமெல்லாம் காய்ச்சலின் சூட்டில் சுட்டது. அந்த ஒரு இடம் மட்டும் சுடவில்லை.

"எடுங்க மகள்," என்றேன்.

"என்ன உம்மா?"

"புள்ளைய எடுங்க. என்ட மடியில வைக்காதீங்க. மா வறுக்கிறவக்கு உள்ள வருத்தம் எனக்கும் இரிக்கி."

அந்தப் பெண் பிள்ளையை எடுத்த வேகத்தில் அது அழத் தொடங்கியது. என் மகள் சிரிக்கப் பார்த்தாள். "உம்மாக்கு இப்ப பகிடியும் வருது," என்றாள். நான் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன்.

"அவ குளிசை குடிக்கிறவ. நான் குடிக்கல்ல. அவவால ஆருக்கும் ஒண்டும் வராது. அண்டைக்கு அவட சகன்ல போய் இருந்தது ஈமான்ல, நம்பிக்கையில இல்ல. உங்கட சகன்ல கை வைக்கப் பயந்து."

நான் இவ்வளவு நீளமாக யாருக்கும் முன்னால் கதைத்ததில்லை. அந்தப் பெண் சலாமும் சொல்லாமல் போனாள். என் மகள் என் கையைப் பார்க்கவில்லை. பாயில் கிடந்த பிள்ளையின் காலைப் பார்த்தாள்.

"அண்டைக்குத் தண்ணி..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. வெங்காயக் கையோடே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். உள்ளே கொண்டி விழுகிற சத்தம் கேட்டது.

அடுத்த நாள் காலையில் என் அறை வாசலில் ஒரு பச்சைப் பூப்போட்ட பீங்கான் தட்டும் ஒரு கோப்பையும் இருந்தன. அதில் எனக்குச் சாப்பாடு. அந்தப் பீங்கான் குசினிக்குள் திரும்பிப் போகவில்லை, பைப்படியில் தனியாகக் கழுவி வைக்கப்பட்டது. மகளில் நான் பிழை சொல்ல மாட்டேன். மா வறுக்கிறவளுக்கு நானும் மனசுக்குள் அப்படியொரு பீங்கான் பல மாதமாக வைத்திருந்தேன். பிஸ்மி சொல்லி அதில் சாப்பிட்டேன். மிச்சம் வைக்கவில்லை.

புதன்கிழமை பஸ்ஸடிக்குப் போனேன். அவள் நின்றாள். தாமதித்ததைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "சீட்டிரிக்கி, ஏறுங்க," என்றாள், அவ்வளவுதான்.

கிளினிக் வாங்கில், அந்த நீள இருக்கைப் பலகையில், எங்களுக்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள். பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழ் அம்மா ஒருவர் பொட்டு வைத்துக்கொண்டு, காலைச் சேலைக்குள் இழுத்துவிட்டிருந்தா. வயல்காரர் ஒருவர் கையைப் பொக்கட்டுக்குள் வைத்திருந்தார். ஆளாளுக்கு ஒன்றை மறைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்திருந்தோம். நான் பர்தாவோடு போய் நின்றதும் அந்த அம்மா நகர்ந்து இடம் விட்டா. பிறகு ஒரு பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்து என் பக்கம் நீட்டினா.

"எடுங்க. பயத்தில சாப்பிடாமத்தான் வந்திருப்பீங்க. நானும் முதல் நாள் அப்பிடித்தான்."

ஓமென்று சொல்லி எடுத்தேன். என் பெயர் என்ன, ஊர் எது என்று அவ கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டொக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். தெரிகிற இடத்தில் ஓம் என்றேன். பிறகு வெகுநேரம் அவர் ஒன்றும் செய்யாமல் இருப்பதாக நினைத்துக் கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் கையில்தான் இருந்தது.

"எத்தன நாளா?"

"மாரி தொடங்கினதிலயிருந்து தெரியும்."

"வீட்டில சின்னப் பிள்ளைகள்?"

"ஒரு புள்ள. என்ட கையிலதான் வளருது."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டில் எல்லோரையும் கூட்டி வரச் சொன்னார். குளிசை தொடங்கினால் பரவுவது நின்றுவிடும், தனிப் பீங்கானெல்லாம் தேவையில்லை என்றும் சொன்னார். "அத என்ட மகளுக்குச் சொல்லுங்க டொக்டர்," என்றேன். முதல் குளிசையை அங்கேயே, அவருக்கு முன்னாலேயே விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை மருமகன் வந்தார். மகள் வாசல் கேட்டடியிலேயே அவரை மறித்து எல்லாம் சொன்னாள். நான் அறைக்குள் இருந்து கேட்டேன். அவருடைய பதில் ஒரே சொல்தான்.

"பாப்பம்."

பிறகு என் அறை வாசலுக்கு வந்து நின்றார். "மருந்து தொடங்கிட்டாங்களா மாமி?"

"ஓம் மகன்."

அதோடு ஜும்மாவுக்குப் போய்விட்டார். அந்தப் பாப்பம் என்ற சொல் எத்தனையோ நாள் இந்த வீட்டுக்குள் நடமாடியது. உடுப்புகளை ஒரு பையில் மடித்து வைத்திருந்தேன். போகச் சொன்னால் சுணங்கக் கூடாது என்பதற்காக.

மகள் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு வந்த நாளை நான் மறக்க மாட்டேன். வாங்கின் ஒரு அந்தத்தில் நான் இருந்தேன், மற்ற அந்தத்தில் அவள் இருந்தாள். டொக்டர் பிள்ளையின் உடுப்பு எல்லாவற்றையும் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது, கழுத்து, உள்ளங்கால். முதுகில் வந்து நின்றார். வலது பக்கத்தில் ஒரு இடம் வெளிறியிருந்தது. அத்தனை நாளாகத் தேடியவள், அந்த இடத்தை எப்படி விட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை. மகள் என்னைப் பார்த்தாள்.

டொக்டர் பஞ்சை எடுத்துத் தொட்டார். பிள்ளை அசையவில்லை. நான் ஓதிக்கொண்டிருந்ததும் நின்றுபோனது. திரும்பத் தொட்டார். பிள்ளை முதுகை நெளித்து, கூச்சத்தில் சிரித்தது.

"தேமல் போலதான் இருக்கு," என்றார். "ஆனா இந்த வருத்தம் உடனே தெரியாது. வருஷக்கணக்கில ஒளிச்சிருக்கும். சொல்ற நாளுக்குத் தவறாமக் கொண்டு வந்து காட்டணும். தாயும் வாங்க."

அன்றைக்கு ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அவள் முன்னால் இருந்தாள், நான் பின்னால். பிள்ளை அவளுடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துக் கையை நீட்டியபடியே வந்தது. நான் கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒழுங்கையில் இப்போது எங்களைக் கண்டாலும் மற்றக் கரைக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓதிக் கேட்டு யாரும் வருவதில்லை. பக்கத்து வீட்டில் அடுத்த கத்தத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. பயம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அல்லாஹ்வை நம்புகிறவளுக்குப் பயம் இராது என்று நினைத்திருந்தேன், அது பிழை. பயம் இருக்கிறது. முன்பு அவனுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன், இப்போது அவனுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறுகிறேன். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அது ஒன்றுதான்.

ஒரு நாள் காலையில் மகள் பேசினைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். பிள்ளை அவளுடைய இடுப்பில் இருந்தது. வெந்நீரை அவளே கலந்தாள், தன் முழங்கையை வைத்துப் பார்த்தாள்.

"தண்ணிய நான் பாக்கன். நீங்க புடிங்க," என்றாள்.

பிள்ளையைக் கையில் வாங்கினேன். பாரம் கூடியிருந்தது. அவள் தண்ணீரை ஊற்ற, நான் தேய்த்தேன். முதுகு வந்ததும் இரண்டு பேருடைய கையும் நின்றது. அந்த இடத்தைப் பார்த்தோம். அது போன கிழமையைவிடப் பெருத்திருக்கிறதா, அதே அளவா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மகளும் சொல்லவில்லை. தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. மறுபடி ஊற்றத் தொடங்கினாள்.

நான் எழுதியதில் நாள் கிழமைகள் பிழைத்திருக்கும். மகள் பிள்ளையை என் கையில் தந்தது நான் குளிசை தொடங்கி எத்தனையாம் கிழமை என்று நினைவில்லை, பச்சைப் பீங்கான் அதற்கு முன்பு குசினிக்குள் போனதா, பின்பு போனதா என்பதும் நினைவில்லை. டொக்டர் சொன்னவற்றை நான் சரியாக விளங்கினேனா என்பதைப் படித்த யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். மற்றதெல்லாம் பிழைத்தாலும் பரவாயில்லை. பிள்ளையை அடுத்த முறை காட்ட வேண்டிய நாள் கிளினிக் கொப்பியில் இருக்கிறது. எனக்கு அது பதினேழு என்று ஞாபகம், மகளுக்குப் பதினொன்று என்று ஞாபகம். கொப்பி மேசையின் இழுப்பு லாச்சியில் இருக்கிறது, ஆனால் டொக்டரின் எழுத்தில் ஒன்றும் ஏழும் எங்களுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. யாராவது எடுத்துச் சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள்.